நம் சட்டையைத் தைத்தவர்

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரை. பொதுக்காலத்தின் 26ஆம் ஞாயிறு, 28 செப்டம்பர் 2025. வாசகங்கள்: ஆமோஸ் 6:1, 4-7, 1 திமொத்தேயு 6:11-16, லூக்கா 16:19-31)



இன்றைய நற்செய்தியில் இயேசு ஒரு செல்வரை நம் முன் நிறுத்துகிறார். அவருடைய பெயரையோ ஊரையோ தொழிலையோ ஆண்டவர் சொல்லவில்லை. முதலில் சொல்வது அவர் உடுத்தியிருந்த உடையைத்தான். செந்நிற ஆடை, மிக மெல்லிய துணி. அந்தக் காலத்தில் செந்நிறச் சாயத்தைக் கடல் நத்தைகளிலிருந்து எடுத்தார்கள். தீர், சீதோன் கரையோரத்தில் அது பெரிய தொழில். ஓர் ஆடைக்குச் சாயம் ஏற்ற ஆயிரக்கணக்கான நத்தைகளை உடைக்க வேண்டும். அந்தச் சாயப்பட்டறைகளின் நாற்றம் ஊரைத் தூக்கும் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. மெல்லிய நார்த்துணிக்கோ எகிப்து பெயர் பெற்றிருந்தது. ஆக, நம் செல்வர் உடுத்தியிருந்தது வெளிநாட்டுச் சரக்கு. நத்தை உடைத்தவரும் நூல் நூற்றவரும் அவருடைய விருந்து மண்டபத்திற்கு எட்டாத தொலைவில் இருந்தார்கள். அவர்களைப்பற்றி உவமை பேசவில்லை. உவமை பேசுவது வாயிலருகே கிடந்த இலாசரைப்பற்றி. ஆனால் இன்று அந்த ஆடையிலிருந்தே நம் சிந்தனையைத் தொடங்குவோம்.

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குப்பின் கிறிஸ்மஸ். செய்தித்தாளைப் பிரித்தால் முதல் பக்கம் முழுவதும் துணிக்கடைத் தள்ளுபடி. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம், ஐம்பது விழுக்காடு கழிவு. நமக்கும் அதில் மகிழ்ச்சிதான்; மறைப்பானேன்? சென்ற ஆண்டு கிறிஸ்மசுக்கு முன், நாம் தங்கியிருக்கும் பங்கின் பீடச்சிறுவர்களுக்குச் சட்டை வாங்க நகரத்துக் கடை ஒன்றுக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு போனோம். இரண்டு சட்டை 399 ரூபாய். பேரம் பேசாமலேயே இவ்வளவு மலிவா என்று நமக்குப் பெருமை. அப்போது ஒரு பையன் காலருக்குள் இருந்த முத்திரைத் துணியை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ஃபாதர், வங்கதேசம்னா கல்கத்தாவுக்கு அந்தப் பக்கந்தானே?" என்று கேட்டான். ஆமாம் என்றோம். "அங்கிருந்து வண்டி ஏறி வந்து, இங்க ஏசி கடையில வச்சு வித்தும் இருநூறு ரூபாயா? அப்ப தைச்சவங்களுக்கு என்ன கொடுத்திருப்பாங்க ஃபாதர்?"

அவனுடைய அம்மா வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து ரவிக்கை தைப்பவர். கூலி என்றால் என்ன என்று அந்தப் பையனுக்குத் தெரியும். நம்மிடம் பதில் இல்லை. "சரி, போட்டுப் பார், அளவு சரியா இருக்கான்னு" என்று பேச்சை மாற்றினோம். சட்டையையும் வாங்கினோம். இன்றைய மறையுரை அந்தப் பையனுக்கு நாம் கடன்பட்டிருக்கும் பதில்.

வங்கதேசத் தலைநகர் டாக்காவின் வெளிப்புறத்தில் சாவார் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ராணா பிளாசா என்று ஓர் எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. கீழே கடைகளும் ஒரு வங்கிக் கிளையும். மேலே ஐந்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் என்று எழுப்பிய கட்டடம் அது. அதன்மேல் அனுமதியில்லாமல் மாடிகளைக் கட்டி, கனமான தையல் இயந்திரங்களையும், மின்சாரம் போனால் ஓட்டுவதற்குப் பெரிய ஜெனரேட்டர்களையும் ஏற்றியிருந்தார்கள். 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, அந்தக் கட்டடத்தின் தூண்களிலும் சுவர்களிலும் வெடிப்புகள் தெரிந்தன. எல்லாரும் வெளியேற்றப்பட்டார்கள். பொறியாளர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு இது ஆபத்து என்று சொன்னார்.

மறுநாள் காலை வங்கிக் கிளை திறக்கவில்லை. கீழே இருந்த கடைகளும் திறக்கவில்லை. தையல்காரப் பெண்கள் மட்டும் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். வாசலில் தயங்கி நின்றவர்களிடம், வராவிட்டால் சம்பளம் கிடையாது என்று சொல்லப்பட்டது. மாதக் கடைசி. வீட்டு வாடகையும் மளிகைக் கடன்பாக்கியும் காத்திருக்கும் நேரம். மேலே போனார்கள். ஒன்பது மணிக்குச் சற்று முன்பு மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. கட்டடம் அதிர்ந்து, சில நொடிகளில் ஒரு மாடியின்மேல் ஒரு மாடியாகச் சரிந்தது. 1,134 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 2,500 பேர் காயத்தோடு மீட்கப்பட்டார்கள். கை கால்களை வெட்டி எடுத்துத்தான் பலரை வெளியே கொண்டுவர முடிந்தது. 17ஆம் நாள், இனி யாரும் உயிரோடு இருக்க வாய்ப்பில்லை என்றிருந்த வேளையில், இடிபாட்டுக்குள்ளிருந்து ஓர் இளம்பெண் உயிரோடு எடுக்கப்பட்டார். அன்று அங்கே கூடியிருந்தவர்கள் எழுப்பிய குரலைத் தொலைக்காட்சியில் கேட்டது நம்மில் சிலருக்கு நினைவிருக்கலாம்.

அந்தப் பெண்கள் தைத்துக்கொண்டிருந்தது ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் விற்பதற்கான ஆடைகள். அப்போது வங்கதேசத்தில் ஆடைத் தொழிலாளருக்குச் சட்டப்படி இருந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,000 டாகா. டாகா என்பது அந்நாட்டுப் பணம். அன்றைய நம் கணக்கில் ஏறக்குறைய 2,000 ரூபாய். ஒரு நாளைக்கு அல்ல, ஒரு மாதத்திற்கு.

ஒரு வாரம் கழித்து மே முதல் நாள், தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாள். மறைந்த நம் திருத்தந்தை பிரான்சிஸ், சாந்தா மார்த்தா இல்லச் சிற்றாலயத்தில் காலைத் திருப்பலி நிறைவேற்றினார். சாவாரில் இறந்தவர்கள் வாங்கிய மாதச் சம்பளம் 38 யூரோ என்ற செய்தித்தாள் தலைப்பு தன்னை உலுக்கியதாக மறையுரையில் குறிப்பிட்டார். இதற்கு அடிமை வேலை என்று பெயர் என்றார். சுற்றி வளைக்கவில்லை. பாப்பரசராகி ஏழு வாரம்கூட ஆகாத நேரம் அது.

அன்பானவர்களே, நாம் இந்த நிகழ்ச்சியை மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்கும்போது, நம் மனம் போய் நிற்பது கட்டடம் விழுந்த நொடியில் அல்ல. அதற்கு ஒரு மணி நேரத்துக்கு முந்தைய நேரத்தில்தான் நிற்கிறது. ஒரே சுவர், ஒரே வெடிப்பு. வங்கி ஊழியர் வீட்டிலிருக்கலாம். தையல்காரர் இருக்க முடியாது. இருவருக்கும் உயிர் ஒன்றுதான். வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கு முடிந்தது, மற்றவருக்கு முடியவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். நாம் கடையில் பார்த்து மகிழும் அந்த விலை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பதில் இங்கேதான் இருக்கிறது. பஞ்சு மலிவானதால் வந்தது கொஞ்சம். கப்பல் பெரிதானதால் வந்தது கொஞ்சம். எஞ்சியது, வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒருவரிடமிருந்து பிடுங்கப்பட்டது.

இப்படிச் சொன்னால் உடனே ஒரு மறுமொழி வரும். நம் அன்பியக் கூட்டங்களிலேயே வந்திருக்கிறது. "ஃபாதர், அவங்க விரும்பித்தானே வேலைக்கு வர்றாங்க? அந்தக் கம்பெனியும் இல்லேன்னா அந்தப் பொண்ணுங்க கிராமத்தில பட்டினிதானே?" இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. அதில் பாதி உண்மை இருக்கிறது. வங்கதேசத்தில் ஏறத்தாழ நாற்பது இலட்சம் பேர் இந்தத் தொழிலை நம்பி இருக்கிறார்கள், பெரும்பாலோர் பெண்கள். தன் பெயரில் ஒரு சம்பளம், வீட்டில் ஒரு சொல், திருமணத்தைச் சில ஆண்டு தள்ளிப்போடும் துணிவு, தங்கையைப் பள்ளிக்கு அனுப்பும் வசதி என்று பல பெண்களுக்கு இந்தத் தொழில் கொடுத்திருப்பது உண்டு. அதை மறுத்துப் பேசுபவர்கள் அந்தப் பெண்களிடம் கேட்காமல் பேசுகிறார்கள் என்றே நாம் நினைக்கிறோம்.

ஆனால் மறுபாதியையும் பார்க்க வேண்டும். 1891ஆம் ஆண்டில் திருத்தந்தை 13ஆம் லியோ, தொழிலாளர் நிலைபற்றிய தம் சுற்றுமடலில் இதே வாதத்தை எடுத்துப் பேசினார். சம்பளத்துக்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்டுவிட்டால் நீதி முடிந்துவிட்டது என்று அன்றைய முதலாளிகள் சொன்னார்கள். திருத்தந்தை அதை ஏற்கவில்லை. அந்த ஒப்பந்தத்துக்கும் மேலே இயற்கை நீதி ஒன்று இருக்கிறது; சிக்கனமாக வாழும் தொழிலாளி ஒருவரின் பிழைப்புக்குப் போதாத கூலி நீதியான கூலி ஆகாது; இதைவிடக் கெட்டது வந்துவிடுமோ என்ற அச்சத்தால் ஒருவர் தலையசைத்தால், அவர் ஒப்புக்கொண்டவர் அல்ல, வன்முறைக்கு ஆளானவர் என்று அவர் போதித்தார். அதை எழுதியபோது அவர் கண்முன் இருந்தவை ஐரோப்பாவின் ஆலைகள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு நம் திருஅவையின் மறைக்கல்வி நூலும் அதையே உறுதிப்படுத்தியது. இந்த மே மாதத்தில் பொறுப்பேற்ற நம் திருத்தந்தை, 14ஆம் லியோ என்ற பெயரைத் தாம் தேர்ந்துகொண்டதற்கு அந்தச் சுற்றுமடலை ஒரு காரணமாகச் சொன்னதையும் நாம் கேட்டிருக்கிறோம். ஆகவே இதைப் பழைய கதை என்று யாரும் ஒதுக்க முடியாது.

நம் மூத்தோருக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். மறைக்கல்வி வகுப்பில் அவர்கள் மனப்பாடமாக ஒப்புவித்த ஒன்று உண்டு: விண்ணகத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்கள். கொலை அதில் ஒன்று. கூலியாளுக்கு உரிய கூலியை மறுப்பது இன்னொன்று. கொலையும் கூலி மறுப்பும் ஒரே பட்டியலில் ஏன் வந்தன என்று அந்த வயதில் யாரும் கேட்டிருக்க மாட்டோம். சாவாருக்குப் பிறகு கேட்கத் தேவையில்லை. திருத்தூதர் யாக்கோபும், பிடித்துவைத்த கூலிக்கே வாய் உண்டு, அது ஆண்டவரின் செவியை எட்டிவிடும் என்ற பொருளில்தான் தம் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் எழுதுகிறார்.

சரி, அப்படியானால் அந்நாட்டுத் துணியையே வாங்காமல் விட்டுவிடலாமா? பலருக்கு முதலில் தோன்றுவது இதுதான். மனம் சுத்தமாகிவிட்டது போல் இருக்கும். ஆனால் யாருக்கு நல்லது? இதற்குப் பதில் 2020இல் கண்ணெதிரே கிடைத்தது. கொரோனா தொற்றின் தொடக்கத்தில் மேலைநாட்டுக் கடைகள் மூடப்பட்டன. பெரிய நிறுவனங்கள் பல, வங்கதேசத்துக்குக் கொடுத்திருந்த ஆர்டர்களை ஒரே வாரத்தில் இரத்து செய்தன. தைத்து முடித்துப் பெட்டியில் அடுக்கிய ஆடைகளுக்குக்கூடப் பணம் தர மறுத்தவர்கள் உண்டு. இலட்சக்கணக்கான பெண்கள் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். உலகம் வாங்குவதை நிறுத்தினால் முதலில் பசித்தவர் முதலாளி அல்ல. இதைக் கண்ட பிறகு, வாங்காமல் விடுவதை நம்மால் தீர்வு என்று சொல்ல முடியவில்லை. நேயர்களில் சிலர் இதில் நம்மோடு உடன்படமாட்டார்கள். உங்கள் கடிதங்களை எதிர்பார்க்கிறோம்.

சாவாருக்குப் பிறகு நடந்த வேறொன்றையும் நாம் அறிந்திருக்க வேண்டும். ஏனெனில் அதைப்பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கட்டடம் விழுந்ததும், அங்கே தங்களுக்கு ஒன்றும் தைக்கப்படவில்லை என்று கைகழுவிய நிறுவனங்கள் இருந்தன. பிலாத்துவின் பாத்திரத்துக்கு எந்தக் காலத்திலும் தண்ணீர் குறைவதில்லை. ஆனால் இடிபாடுகளில் தேடியவர்கள், நிறுவனப் பெயர் பொறித்த முத்திரைத் துணிகளையும் ஆர்டர் காகிதங்களையும் தோண்டி எடுத்துக் காட்டினார்கள். ஐரோப்பிய நகரங்களில் வாடிக்கையாளர்கள், மாணவர்கள், தொழிற்சங்கத்தினர் கடைவாசல்களில் நின்று கேட்டார்கள். அடுத்த மாதமே ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் சேர்ந்தன. அதுவரை இருந்த வாக்குறுதிகள் எல்லாம் நிறுவனங்கள் தாங்களே எழுதி, தாங்களே சோதித்து, தாங்களே மதிப்பெண் போட்டுக்கொண்டவை. சாவார் தொழிற்சாலைகளில் சில, அப்படிப்பட்ட சோதனைகளில் தேறியவையே! இந்த உடன்படிக்கை சட்டப்படி கட்டுப்படுத்தக்கூடியது. தொழிற்சங்கங்களும் சமமாகக் கையெழுத்திட்டவை. தனித்த ஆய்வாளர்கள் 1,600க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளுக்குள் போனார்கள். பூட்டிய அவசர வழிகள் திறக்கப்பட்டன, தீத்தடுப்புக் கதவுகள் வந்தன, பலமற்ற தூண்கள் கட்டி நிமிர்த்தப்பட்டன. முந்தைய நவம்பரில் தஸ்ரீன் என்ற தொழிற்சாலையில் தீப்பற்றி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, வெளியேற வழியில்லாமல்தான் இறந்தார்கள் என்பதை நினைத்தால், திறந்த ஒரு கதவின் மதிப்பு விளங்கும்.

இத்தனை செலவு வைத்தால் ஆர்டரெல்லாம் வேறு நாட்டுக்கு ஓடிவிடும் என்று அப்போது பயமுறுத்தினார்கள். ஓடவில்லை. 2013இல் ஏறத்தாழ 2,100 கோடி டாலராக இருந்த வங்கதேசத்தின் ஆடை ஏற்றுமதி, ஆறு ஆண்டுகளில் 3,400 கோடி டாலர் ஆனது.

கூலிக்கு அப்படி ஓர் உடன்படிக்கை இன்னும் வரவில்லை. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2013 இறுதியில் 5,300 டாகா ஆனது, 2018இல் 8,000, 2023இல் 12,500. ஏறியிருக்கிறது, உண்மை. விலைவாசியும் கூடவே ஏறியிருக்கிறது. 2023இல் தொழிலாளர்கள் கேட்டது ஏறக்குறைய 23,000. அதற்காகத் தெருவில் இறங்கியவர்களில் சிலர் உயிரிழந்தார்கள். இதில் நம்மை உறுத்துவது ஒரு சின்னக் கணக்கு. கடையில் நாம் கொடுக்கும் விலையில் தைத்தவரின் கூலி மிகச் சிறிய பங்கு. நூற்றுக்கு மூன்று ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கூலியை இரண்டு மடங்கு ஆக்கினாலும் நூறு ரூபாய்ச் சட்டை நூற்றுமூன்று ரூபாய்தான் ஆகும். மூன்று ரூபாய்க்காகக் கடையைவிட்டு வெளியேறுகிறவர் யார்? ஆனாலும் அது நடப்பதில்லை. ஏனென்றால் ஒரு முதலாளி தனியாகக் கூலியை ஏற்றினால் பக்கத்துத் தொழிற்சாலைக்கு ஆர்டர் போய்விடும். ஒரு நாடு தனியாக ஏற்றினால் பக்கத்து நாட்டுக்குப் போய்விடும் என்ற அச்சம். எல்லாரும் சேர்ந்து செய்தால் முடியும் என்பதைத் திறந்த கதவுகள் காட்டிவிட்டன. சேரவைக்க ஒரு நெருக்குதல் வேண்டும். 2013இல் அந்த நெருக்குதல் வாங்குகிறவர்களிடமிருந்தும் வந்தது.

இந்தப் பின்னணியில்தான் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2009இல் எழுதியதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். பொருள் வாங்குவது வெறும் பொருளாதாரச் செயல் மட்டுமல்ல, எப்போதும் அறநெறிச் செயலுமாகும் என்பது அவர் போதனை. "எப்போதும்" என்றாரே, அந்தச் சொல்தான் நமக்குச் சங்கடம் தருகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நடைபாதைக் கடையில் நாலு பிள்ளைகளுக்கும் நூறு ரூபாயில் கவுன் தேடும் தாய் இன்றைய நற்செய்தியின் செல்வர் அல்ல. அவரும் வாயிலருகே கிடப்பவர்களில் ஒருவர்தான். அவர் மனத்தில் யாரும் குற்ற உணர்வை ஏற்றக் கூடாது. அப்படி ஏற்றும் மறையுரைகளைக் கேட்டு வருந்தியிருக்கிறோம். பொறுப்பின் முதல் பங்கு விலையை நிர்ணயிக்கும் பெரிய நிறுவனங்களுடையது. அடுத்தது தொழிற்சாலை முதலாளியுடையது, சட்டத்தை உறங்கவிட்ட அரசுகளுடையது. வாங்குகிறவரின் பங்கு அதற்குப் பிறகே வருகிறது. அதிலும் அலமாரியில் இடமில்லாமல் வாங்கி அடுக்குகிறவர்களுக்கு அதிகம், கிழிந்ததை மாற்ற வாங்குகிறவர்களுக்குக் குறைவு. ஆனால் கடைசி என்பதால் ஒன்றுமில்லை என்றாகிவிடாது.

உவமையின் செல்வர் செய்த குற்றம் என்ன? இலாசரை அவர் அடிக்கவில்லை, விரட்டவில்லை. வாயிலருகே கிடக்க விட்டார். அவருக்கு இலாசரைத் தெரியாது என்று நாம் சொல்லித் தப்ப முடியாது. பாதாளத்தில் கிடந்து அபிரகாமைக் கூப்பிடும்போது, இலாசரை அனுப்பும் என்று பெயர் சொல்லித்தான் கேட்கிறார்! பெயர் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது. அங்கே போன பிறகும் பழக்கம் மாறவில்லை என்பதையும் கவனியுங்கள்: தண்ணீர் கொண்டுவர ஓர் ஆள், சகோதரர்களுக்குச் சேதி சொல்ல ஓர் ஆள், இலாசர் அவருக்கு இன்னும் ஏவலாள்தான். முதல் வாசகத்தில் ஆமோஸ் சாடுவதும் இதே நோயை. தந்தக் கட்டில்களில் படுத்து எண்ணெய் பூசிக்கொண்டவர்கள்மேல் இறைவாக்கினர் அடுக்கும் குற்றச்சாட்டுகளின் உச்சம், தம் மக்களின் அழிவைக் கண்டு அவர்கள் வருந்தவில்லை என்பதே.

நமக்கும் அந்தச் செல்வருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நம் வாயில் நீண்டுவிட்டது. சாவார்வரை, காம்போடியாவரை நீண்டுவிட்டது. அங்கே யார் இருக்கிறார் என்று வீட்டிலிருந்து தெரியாது. காலருக்குள் ஒட்டிய அந்தச் சிறு துணி ஒன்றுதான் தகவல். அதிலும் ஊர் இருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

இந்த ஒலிபரப்பைத் திருப்பூரிலும், இலங்கையின் கட்டுநாயக்கா பகுதியிலும் கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நாம் இதுவரை சொன்னதில் புதிது ஒன்றுமில்லை. டாக்காவுக்கு ஆர்டர் கொடுக்கும் அதே நிறுவனங்கள்தான் உங்கள் ஊருக்கும் கொடுக்கின்றன. "இந்த விலைக்கு டாக்காவில் தருகிறார்கள், நீ தருவாயா?" என்ற கேள்வி திருப்பூர் முதலாளிகளுக்குப் பழகிய கேள்வி. டாக்காவில் இதே கேள்வியை வேறு ஊரின் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். ஆகவே சாவாரின் தையல்காரப் பெண்ணும் நீங்களும் போட்டியாளர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவருடைய கூலி உயர்ந்தால் உங்கள் கூலியைக் கீழே இழுக்கும் கயிறு ஒன்று அறும். நம் பங்குகளில் சிறு யூனிட் நடத்தும் முதலாளிகளும் இருக்கிறார்கள். கடைசி நேரத்தில் ஆர்டரை மாற்றி, அனுப்பும் தேதியை மட்டும் மாற்றாத வெளிநாட்டு வாங்குநரிடம் மாட்டிக்கொண்டு அவர்கள் படும் பாட்டை நாம் நேரில் கண்டிருக்கிறோம். அந்த நெருக்கடியை அப்படியே கீழே தள்ளி, இரவெல்லாம் ஓவர்டைம் வாங்கிவிட்டு அதற்கான கூலியைப் பாதியில் நிறுத்துவது மட்டும் வேண்டாம். அங்கேதான் யாக்கோபு சொன்ன கூக்குரல் தொடங்குகிறது.

நாம் என்ன செய்யலாம்? ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழும் நேயர்களே, நீங்கள் துணி வாங்கும் நிறுவனம் அந்தப் பாதுகாப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது 2021 முதல் விரிவுபெற்று, பாகிஸ்தானுக்கும் சென்றிருக்கிறது. கையெழுத்திடாத நிறுவனத்துக்கு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். ஒரு கடிதத்துக்கு மதிப்பில்லை என்பார்கள்; நூறு கடிதம் வந்தால் ஒரு கூட்டம் போட்டுப் பேசுவார்கள். குறைவாக வாங்கி நீண்ட நாள் உடுத்துவதும் நல்லதே. நம் பாட்டிமார் அதை யாரும் போதிக்காமலேயே செய்தார்கள்.

நம் நாட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் நெருக்கமான ஒரு வழி இருக்கிறது. தனி ஆளாக ஒரு சட்டை வாங்கும்போது நம் கேள்வியைக் கடைக்காரர் பொருட்படுத்தாமல் போகலாம். ஆனால் பங்கு என்பது மொத்தமாக வாங்கும் வாடிக்கையாளர். பாடகர் குழுவுக்குச் சீருடை, திருவிழாவுக்கு இளையோருக்கு டி-சர்ட், பள்ளிப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம், கிறிஸ்மசுக்கு ஏழைகளுக்கு வேட்டி சேலை. ஏழைகளுக்குக் கொடுக்கும் துணியை வேறோர் ஏழையின் வயிற்றில் அடித்து வாங்குவதை எத்தனை ஆண்டாகச் செய்து வந்திருக்கிறோம் என்று எண்ணினால் வெட்கமாகத்தான் இருக்கிறது. கொடியேற்றத்துக்கு ஐந்து நாள் முன்பு போய், இருநூறு டி-சர்ட் வேண்டும், விலையில் பத்து ரூபாய் குறை, வெள்ளிக்கிழமை கைக்கு வந்தாக வேண்டும் என்று கேட்பதும் நாம்தான். அந்த வெள்ளிக்கிழமைக்காக இரவில் கண்விழிப்பவர் யார் என்று கேட்டதில்லை. வெளிநாட்டு நிறுவனம் டாக்காவில் செய்வதை நாம் நம் அளவில் செய்திருக்கிறோம்.

அதனால் இந்த ஆண்டு பங்குப் பேரவையில் ஒரு சிறு முடிவு எடுத்திருக்கிறோம். கிறிஸ்மஸ் துணிகளுக்கான ஆர்டரை டிசம்பர்வரை தள்ளாமல் அக்டோபர் கடைசியிலேயே கொடுத்துவிடுவது. விலை கேட்கும்போது, எங்கே தைத்தது, தைப்பவருக்கு ஒரு உருப்படிக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்றும் கேட்பது. பதில் சொல்ல மறுக்காத கடையில், சில ரூபாய் கூடுதலானாலும் வாங்குவது. பொருளாளருக்கு இதில் அவ்வளவு மகிழ்ச்சி இல்லை. கூடுதல் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர்கள் சிரிக்கவும் கூடும். பட்டியலை எழுதும் பொறுப்பை, காலரைப் புரட்டிப் பார்த்துக் கேள்வி கேட்ட அந்தப் பீடச்சிறுவனிடம் கொடுத்திருக்கிறோம்.

இப்போது சாவாரில் இறந்த 1,134 பேருக்காகவும், அவர்கள் விட்டுச்சென்ற பிள்ளைகளுக்காகவும், இன்று காலை தையல் இயந்திரத்தின்முன் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்காகவும் சிறிது நேரம் அமைதியாகச் செபிப்போம்.